உள்ள இருக்கிற பொடியனுங்கள பாக்க புதுசா போறவங்களுக்கு: கஞ்சா கதைய விட்டுட்டு நித்திரைல இருந்து கதைக்க தொடங்குங்க

கொழும்புல சர்ச் யூத் குரூப்ல இருக்கிறவங்க, சைக்கொலஜி டிப்ளோமா செய்ற பிள்ளைங்க, ஸ்கூல் கவுன்சிலிங் பொறுப்பு புதுசா தலைல விழுந்த டீச்சர்மார், சில நேரம் பொடியனோட சொந்த அக்காவே கூட கேக்கிற கேள்வி இதுதான்: கஞ்சா கேஸ்ல புடிபட்டு உள்ள இருக்கான், போய் பாக்கணும், ஆனா போய் என்னத்த கதைக்கிறது? இத எழுதுறது அவங்களுக்குத்தான். டொக்டருக்கும் கவுன்சிலருக்கும் இது தேவையில்ல, அவங்களுக்கு தெரிஞ்ச வேலை. புதுசா போறவங்க முக்காவாசி பேர் கைல ஒரு அட்வைஸ் மூட்டையோட போவாங்க, போதை கூடாது, அம்மா அழுறாங்க, உன் வாழ்க்கை உன் கைல, இந்த மாதிரி. அந்த பொடியன் இதெல்லாம் பொலிஸ்லயும் கேட்டுட்டான் கோர்ட்லயும் கேட்டுட்டான், நீங்க மூணாவது ஆள், அவ்வளவுதான்.

முதல்ல, அவன் எந்த "உள்ள" இருக்கான்னு பாருங்க

வீட்டுக்காரங்க "உள்ள இருக்கான்"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. அது பொலிஸ் கூண்டா இருக்கலாம், சிறுவர்களுக்கான ரிமாண்ட் ஹோமா இருக்கலாம், மாகொல, அச்சுவேலி மாதிரி சேர்ட்டிபைட் ஸ்கூலா (கோர்ட் அனுப்பி தங்க வைக்கிற ஸ்கூல்) இருக்கலாம், கொஞ்சம் பெரிய பொடியன்னா வத்துப்பிட்டிவல பயிற்சிப் பாடசாலை இல்லாட்டி நீர்கொழும்பு பக்கம் பள்ளன்சேன. ரிமாண்ட் ஹோமும் சேர்ட்டிபைட் ஸ்கூலும் நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு திணைக்களத்துக்கு கீழ வருது, கடைசி ரெண்டும் சிறைச்சாலை திணைக்களம். பர்மிஷன் கேக்க வேண்டிய கதவே வேற வேற, இது தெரியாம பத்து நாள் அலைஞ்சவங்க இருக்காங்க. சின்ன பொடியன்னா நீங்க தேட வேண்டிய ஆள் ப்ரொபேஷன் ஒபிசர் (நன்னடத்தை அதிகாரி), அந்த பொடியனோட பைல் எங்க இருக்கு, அடுத்த தவணை எப்ப, யார் யார் பாக்கலாம் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். கொழும்பு பக்கத்து சின்ன பிள்ளைங்க கேஸ் பத்தரமுல்ல சிறுவர் நீதிமன்றத்துல நடக்கும், அந்த மாதிரி தனி கோர்ட் இல்லாத ஊர்ல நீதவானே சிறுவர் நீதிமன்றமா உக்காருவார். இந்த அமைப்பெல்லாம் 1939ம் ஆண்டு சட்டத்துல இருந்து வருது, அதனால போர்ம், முத்திரை, கையெழுத்து எல்லாம் கொஞ்சம் அந்த காலத்து வேகத்துலதான் நகரும், பொறுமை வேணும்.

வயசு பெரிய விஷயம். 2018ல தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி குற்றப் பொறுப்பு வயச 8ல இருந்து 12க்கு கூட்டினாங்க, 12க்கும் 14க்கும் நடுவுல இருந்தா அந்தப் பிள்ளைக்கு செஞ்சது விளங்குற அளவு முதிர்ச்சி இருக்கான்னு நீதவான் பாக்கணும். அதனால பர்த் சேர்ட்டிபிகேட் கொப்பி எடுத்து குடுக்கிறது அட்வைஸ விட நூறு மடங்கு உதவி. அம்மா குவைத்துல, அப்பா எங்கன்னு தெரியாது, அம்மம்மாவுக்கு சேர்ட்டிபிகேட் எந்த பெட்டிக்குள்ளன்னு தெரியாதுன்னு இருக்கிற வீடுகள் மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் எவ்வளவோ இருக்கு. பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போய் எடுத்து குடுத்தீங்கன்னா அந்த குடும்பம் உங்கள நம்பும்.

இன்னொண்ணு பாஷை. தமிழ் பொடியனோட வாக்குமூலம் சிங்களத்துல எழுதி அவன் சைன் வச்சிருப்பான், என்ன எழுதியிருக்குன்னு கேட்டா "தெரியாது அண்ணா, வைக்க சொன்னாங்க"ன்னுவான். இதுல நீங்க லாயர் வேலை பாக்க வேணாம், ஆனா லாயர்கிட்ட இத கட்டாயம் சொல்லுங்க, லாயருக்கு காசில்லாட்டி புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

போறதுக்கு முன்னாடி தலைக்குள்ள வச்சுக்க வேண்டியது

இங்க நான் கொஞ்சம் நிக்கப் போறேன், ஏன்னா இது விளங்கினா மிச்சம் எல்லாம் சுலபம்.

அமெரிக்காவுல சிகாகோ பக்கம் ஒரு தடுப்பு நிலையத்துல 1995ல இருந்து 1998 வரைக்கும் உள்ள வந்த 1829 பிள்ளைங்கள லிண்டா டெப்லின்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு பேட்டி எடுத்துச்சு. பொடியனுங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பக்கமும், பொம்பளைப் பிள்ளைங்கள்ல நாலுல மூணு பங்கு பக்கமும் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்துச்சு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு போதைப் பிரச்சினை, அதுல முன்னுக்கு நின்னது கஞ்சா. அதே ஆய்வுல இருந்து 2004ல வந்த கட்டுரைல 92.5 வீதம் பேர் குறைஞ்சது ஒரு கடுமையான அதிர்ச்சி அனுபவத்துக்குள்ளால போயிருக்காங்க. புளோரிடால கேஸ்ல மாட்டின 64,329 பிள்ளைங்களோட ரிப்போர்ட்ட பாத்து 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, அடி, துஷ்பிரயோகம், கவனிப்பில்லாம விட்டது, வீட்டுல குடி, வீட்டு ஆள் ஜெயில்ல, இப்படி போற பட்டியல்ல ஒண்ணுமே இல்லாதவங்க 2.8 வீதம் மட்டும்தான். நூறுல மூணு பேர் கூட இல்ல!

இது அவங்க நாட்டுக் கணக்கு, அப்படியே நம்ம ஊருக்கு ஒட்ட வைக்காதீங்க. ஆனா நம்ம ஊர்ல என்னென்ன நடந்திருக்குன்னு நமக்கே தெரியும்தானே. 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சப்ப கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் சின்னப் பிள்ளையா இருந்தவங்கதான் இப்ப மீசை முளைச்சு நிக்கிறாங்க. 2017 புதுவருஷம் அன்னைக்கு மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுங்க மேல சரிஞ்சத பாத்த பிள்ளைங்க இருக்காங்க. பிறகு கொரோனா, ஒரே ரூமுக்குள்ள ஏழு பேர், ஸ்கூல் இல்ல, போன் இருந்தாத்தான் படிப்பு, அதுக்கு பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. இதோட அம்மா வெளிநாடு, அப்பா குடி, மாமா வீட்டுல வளர்ப்பு, அந்த வீட்டுல யார் கை வச்சாங்கன்னு வெளிய சொல்லாத கதை. பத்திரிகைல இதெல்லாம் தனித்தனி செய்தியா வரும், ஒரே பொடியனுக்குள்ள எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

இதுக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்? 1985ல கான்ட்சியன்னு ஒரு டொக்டர் சொன்னது, ஆளுங்க போதைய ஜாலிக்கு மட்டும் எடுக்கிறதில்ல, தாங்க முடியாத ஏதோ ஒண்ண அமத்திக்க தனக்குத் தானே மருந்து குடுக்கிறாங்கன்னு. எல்லாருக்கும் இது பொருந்தாது, கூட்டாளி குடுத்தான் அடிச்சேன்ங்கிறவனும் இருக்கான், காசுக்கு கைமாத்தி விடப் போய் புடிபட்டவனும் இருக்கான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கெட்ட கனவுல முழிக்கிற பொடியனுக்கு கஞ்சா அடிச்சா கனவே வராம நித்திரை வருது, அது அவனுக்கு கண்டுபிடிப்பு மாதிரி. நம்ம போய் "அத விடு"ன்னா அவன் காதுல "நித்திரைய விடு"ன்னு விழுது.

ஒரு எச்சரிக்கை. 1998ல பெலிட்டி, அண்டான்னு ரெண்டு அமெரிக்க டொக்டர்மார் செஞ்ச பெரிய ஆய்வுல, சின்ன வயசுல இந்த மாதிரி கஷ்டத்துல நாலு வகையோ அதுக்கு மேலயோ பட்டவங்களுக்கு குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் 4ல இருந்து 12 மடங்கு வரைக்கும் கூடுதலா இருந்துச்சு. இத வச்சு இன்டர்நெட்ல ஸ்கோர் போடுற டெஸ்ட் நிறைய சுத்துது, அத பிரிண்ட் எடுத்துட்டு உள்ள போகாதீங்க. அது கூட்டத்தைப் பத்தின கணக்கு, தனி ஆளுக்கு ஜாதகம் பாக்கிறதுக்கு இல்லன்னு அந்த அண்டாவே 2020ல எழுதிட்டார்.

முதல் ரெண்டு கிழமை

புடிபட்ட நாள்ல இருந்து எத்தன நாள் ஆச்சுன்னு கேட்டு வச்சுக்கோங்க. தினம் அடிச்சவன் திடீர்ன்னு நிப்பாட்டினா ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள உடம்பும் மனசும் குழம்பும், முதல் கிழமை உச்சம், ரெண்டு கிழமை போல போய் இறங்கும், நித்திரை மட்டும் ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கலாம். எரிஞ்சு விழுறது, சாப்பாடு இறங்காதது, வேர்வை, தலையிடி, வயித்துக் குத்து, கை நடுக்கம், இதெல்லாம் வரும். கஞ்சா கனவு வர்ற நித்திரைய அமத்தி வச்சிருக்கும், விட்டதும் அதெல்லாம் சேர்த்து வச்ச மாதிரி வரும், பழைய பயங்கரம் உள்ளவனுக்கு இந்த நாட்கள்ல ராத்திரி நரகம். அதோட நம்ம ஊர்ல பீடி சிகரெட் தூளோட கலந்துதான் அடிக்கிறாங்க, அதனால நிக்கொட்டின் இல்லாத எரிச்சலும் மேல ஏறும். அங்க வேலை செய்றவங்க கண்ணுக்கு இது "திமிர் புடிச்ச பொடியன்". நீங்க பக்குவமா "சேர், கஞ்சா விட்டவங்களுக்கு இந்த நாள்ல இப்படி இருக்குமாம், டொக்டர்கிட்ட ஒருக்கா காட்டலாமா"ன்னு சொன்னா ஒரு தண்டனை குறையலாம். ஐஸ் (மெத்), குடு (ஹெரோயின்) அடிச்சிருந்தா கதை வேற, அத டொக்டர்கிட்ட சொல்லாம விடவே கூடாது.

முதல் சந்திப்பு

ஐடி கார்ட் கொண்டு போங்க, போன் வெளில விடுங்க, சாப்பாட்டு சாமான் கேக்காம கொண்டு போகாதீங்க. தனி ஆளா ஒரு ரூம்ல கதவ சாத்திட்டு உக்காராதீங்க, மத்தவங்க கண்ணுக்கு தெரியிற ஆனா காதுக்கு கேக்காத இடம் கேளுங்க, இது அவனுக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு. எந்த கதிரைன்னு அவன தெரிவு செய்ய விடுங்க. சுவத்துக்கு முதுகு காட்டி, கதவு தெரியிற மாதிரிதான் நிறைய பேர் உக்காருவாங்க, இரும்பு கேட் சாத்துற சத்தத்துக்கு கதைச்சுட்டு இருக்கும்போதே தோள் ஒருக்கா துள்ளும், அவனே அத கவனிக்க மாட்டான். நீங்க கவனிங்க, ஆனா சொல்லிக் காட்டாதீங்க. முதல் நாளே "மகன்"ன்னு கூப்பிட வேணாம், அந்த உரிமை எடுத்துக்கிட்டு பிறகு வராம போனவங்க ஏற்கனவே இருப்பாங்க, தம்பி போதும் இல்லாட்டி பேர்.

பேரு, என்ன டீம், கெரம் விளையாடுவியான்னு கொஞ்சம் கதைச்சுட்டு நேரா நித்திரைக்கு வாங்க. நித்திரை பத்தி கேட்டா யாருக்கும் வெக்கம் இல்ல, குற்றம் இல்ல, சாட்சி இல்ல. கதை இப்படி போகும்:

"நித்திரை எப்படி போகுது?"

"வராது அண்ணா. வெளில இருக்கும்போது அடிச்சா வரும்."

"எத்தன மணிக்கு முழிப்பு வருது?"

"ரெண்டு மணி போல. பிறகு சும்மா கூரைய பாத்துட்டு இருப்பேன்."

இந்த இடத்துல எல்லாருக்கும் வாய் வரைக்கும் வர்ற கேள்வி "அப்ப என்ன ஞாபகம் வருது?" அத முழுங்குங்க. நீங்க அரை மணித்தியாலத்துல எழும்பி பஸ் புடிச்சு வீட்டுக்கு போயிருவீங்க, நீங்க தோண்டி எடுத்தத வச்சுக்கிட்டு ராத்திரி தனியா கிடக்கப் போறது அவன். பொலிஸுக்கு ஒருக்கா, லாயருக்கு ஒருக்கா, ப்ரொபேஷனுக்கு ஒருக்கான்னு சொல்லி சொல்லி மரத்துப் போன கதைய நாலாவது தரம் கேக்கிறதுல அவனுக்கு ஒரு லாபமும் இல்ல. அதுக்கு பதிலா "அந்த நேரம் பக்கத்துல யார் இருக்காங்க, யாரையாவது எழுப்பலாமா?"ன்னு கேளுங்க. அவனா சொல்ல வந்தா கேளுங்க, குறுக்க போகாதீங்க, "ஏன் அப்பவே சொல்லல"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க.

கைல ஒண்ணு குடுத்துட்டு வாங்க. முழிப்பு வந்து நெஞ்சு அடிச்சா, ரெண்டு பாதத்தையும் சிமெண்ட் தரைல அழுத்தி வை, குளிர் தெரியுதான்னு பாரு, கண்ணுக்கு தெரியிற அஞ்சு சாமான் பேரை மனசுல சொல்லு, காதுக்கு கேக்கிற மூணு சத்தம், மூச்ச உள்ள எடுக்கிறத விட வெளிய விடுறத நீட்டு. சும்மா சொல்லாம அங்கேயே அவனோட சேர்ந்து செஞ்சு பாருங்க, முதல்ல சிரிப்பான், பரவாயில்ல, சிரிக்கட்டும்.

இதுக்கெல்லாம் படிச்சவங்க பாவிக்கிற கேள்விப் பட்டியல்கள் இருக்கு, போதைக்கு க்ராப்ட் (CRAFFT), தடுப்பு நிலையங்களுக்குன்னே செஞ்ச மேசி-2 (MAYSI-2), அதுல 52 ஆம்-இல்ல கேள்வி, பத்து நிமிஷ வேலை. யாருக்கு உடனே டொக்டர் தேவைன்னு வடிகட்டுறதுக்குத்தான் அது, பயிற்சி இல்லாம நீங்க எடுக்காதீங்க.

கஞ்சாவுக்கு எப்ப வர்றது

ரெண்டாவது மூணாவது தரம் போகும்போது அவனாவே வருவான். அப்ப "ஏன் அடிச்ச"ன்னு கேட்டா காரணம் சொல்லி தப்பிக்கத்தான் பாப்பான், "அது உனக்கு என்ன செஞ்சு குடுத்துச்சு?"ன்னு கேட்டா யோசிப்பான். நித்திரை, கோவம் அடங்குறது, பசி தெரியாம இருக்கிறது, கேங்ல ஒரு இடம், எது வந்தாலும் தலையாட்டி கேளுங்க, பிறகு "எத கெடுத்துச்சு?"ன்னு கேளுங்க. ரெண்டாவது லிஸ்ட் அவன் வாயால வரணும், நீங்க சொன்னா அது அட்வைஸ். கோவம்ங்கிறது பத்தி ஒரு வார்த்தை, நம்ம பொடியனுங்களுக்கு கவலைய கோவமாத்தான் காட்ட தெரியும், அழுதா "பொம்பளையா நீ"ன்னு கேட்டே வளர்த்திருக்கோம், அதனால சண்டைக்காரன்னு பேர் எடுத்தவன்கிட்ட மனச்சோர்வு இருக்கான்னு கட்டாயம் பாக்கணும்.

"ஆயுர்வேதத்துலயே இருக்குதானே அண்ணா"ன்னு ஒருத்தன் கட்டாயம் சொல்லுவான். சண்டை புடிக்காதீங்க. இருக்கு, வைத்தியர் அளந்து குடுக்கிற மருந்துல, அதுக்கும் 14 வயசுல தினம் கேஜி (கேரளக் கஞ்சா) அடிக்கிறதுக்கும் நடுவுல தூரம் இருக்குன்னு சொல்லுங்க. பயங்காட்டுறதுக்கு பொய் சொல்ல தேவையே இல்ல, உண்மை போதும்: சுவீடன்ல ஆமிக்கு எடுத்த பொடியனுங்கள பின்தொடர்ந்து 1987ல வந்த ஆய்வுல, 18 வயசுக்குள்ள 50 தரத்துக்கு மேல அடிச்சவங்களுக்கு ஸ்கிசோப்ரேனியாங்கிற கடுமையான மனநோய் வந்தது அடிக்காதவங்கள விட ஆறு மடங்கு. யாருக்கு வரும்ன்னு முன்கூட்டி சொல்ல முடியாது, ஆனா குடும்பத்துல அந்த நோய் இருக்கான்னு கேட்டு வைங்க. ஆள் இல்லாத இடத்துல குரல் கேக்குது, சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்கன்னு பொடியன் சொன்னா, நாளைக்கு பாப்போம் இல்ல, அன்னைக்கே பொறுப்பாளர்கிட்ட சொல்லி டொக்டர்.

ரகசியம் காப்பேன்னு வாக்கு குடுக்காதீங்க

இது ரொம்ப முக்கியம், ஏன்னா நல்ல மனசுக்காரங்கதான் இதுல மாட்டுறாங்க. முதல் நாளே சொல்லிருங்க: "நீ சொல்றத வெளில கதைக்க மாட்டேன், ஆனா உனக்கு உயிர் ஆபத்து, இல்லாட்டி யாராவது உன்ன ஏதாவது செய்றாங்கன்னா நான் சொல்லியே ஆகணும்." முழுக்கை சட்டைய இழுத்து இழுத்து விட்டுட்டு இருந்தா, சாமான்கள மத்தவனுக்கு குடுத்துட்டு இருந்தா, திடீர்ன்னு ரொம்ப அமைதியா மாறினா, நேரா கேளுங்க, "சாகணும்ன்னு நினைப்பு வருதா?" கேட்டா அந்த எண்ணத்த நம்மளே விதைச்ச மாதிரி ஆகிடும்ன்னு பயப்பட வேணாம், அப்படி ஆகாது, கேட்டதே சில பேருக்கு பாரம் இறங்கின மாதிரி. ஆம்ன்னா தனியா விட்டுட்டு வராதீங்க, பொறுப்பாளர் வந்து பொறுப்பு எடுக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. போன் நம்பர்: மனநலத்துக்கு தேசிய மனநல நிறுவனத்தோட 1926, பிள்ளைங்க மேல நடக்கிற எந்த கொடுமைக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929, போதைக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டு சபையோட 1927. கொடுமை நடக்கிறது அந்த இடத்துக்குள்ளேயேன்னா 1929தான், அங்க உள்ளவங்ககிட்ட போய் விசாரணை நடத்தாதீங்க.

பொடியனோட பேர், படம், கேஸ் எதையும் வட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, "பிரேயர் பண்ணுங்க"ன்னு போட்டாலும் அது வெளில போன மாதிரிதான்.

வீட்டுக்காரங்க

அம்மாமார் பார்வையாளர் நாள்ல வந்து அந்த இருவது நிமிஷமும் அழுவாங்க இல்லாட்டி ஏசுவாங்க. வெளிநாட்டுல இருக்கிற அம்மா போன்ல "நான் போனதாலதான் இப்படி ஆச்சு"ன்னு சொல்லி சொல்லி, கடைசில அவன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிட்டு இருப்பான். முன்கூட்டியே அவங்ககிட்ட கதைச்சு வைங்க: கேஸ் பத்தி கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும், மிச்ச நேரம் வீட்டு புதினம், தங்கச்சி பரீட்சை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. கோயில்ல நேர்த்தி வைக்கிறாங்க, நூல் கட்டுறாங்கன்னா கட்டட்டும், டொக்டர நிப்பாட்டாத வரைக்கும் அதோட நமக்கு பிரச்சினை இல்ல. அடிச்ச அப்பாவோ மாமாவோதான் பாக்க வர்றார்ன்னா, பொடியனுக்கு விருப்பமான்னு ப்ரொபேஷன் ஒபிசர் மூலமா கேட்டுட்டு செய்ங்க.

வெளில வர்ற நேரம்

உள்ள இருந்ததை விட வெளில வந்த முதல் மாசம் கஷ்டம், அதே வத்தை (நெருக்கி வீடு கட்டின தோட்டம்), அதே சந்தி, அதே கூட்டாளி. ஒரு மாசத்துக்கு முன்னாடியே தொடங்கணும். 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, அதனால ஸ்கூல் "எடுக்க ஏலாது"ன்னா வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்துல போங்க, வாய்ப் பேச்சு வேணாம். படிப்பு வேணாம்ங்கிற பெரிய பொடியனுக்கு நைட்டா, விடிஏ மாதிரி தொழிற்பயிற்சி கோர்ஸ், மோட்டர் மெக்கானிக், ஏசி, வயரிங், எதுவோ ஒண்ணு, ஆனா சேர்ற தேதி கைல இருக்கணும், "பாப்போம்"ன்னு விட்டா சந்தில நிப்பான். நித்திரை இன்னும் சரியில்லாட்டி கிளினிக் நாள போட்டு குடுங்க, 16 மாதிரி வயசுக்கு எந்த ஆஸ்பத்திரி கிளினிக்ன்னு அங்க பாக்கிற டொக்டர்கிட்டேயே துண்டு எழுதி வாங்குங்க. இன்னொரு விஷயம் ஒளிக்காம சொல்லுங்க: இத்தனை மாசம் அடிக்காம இருந்த உடம்பு, பழைய அளவ தாங்காது. கஞ்சான்னா வாந்தி, படபடப்பு, பயம், குடுன்னா உயிரே போகும்.

திரும்ப அடிச்சிட்டான்னு கேள்விப்பட்டா எல்லாம் வீணாப் போச்சுன்னு ஒதுங்காதீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நித்திரை எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, முக்காவாசி பதில் அங்க இருக்கும்.

நீங்க போறத நிப்பாட்ட வேண்டி வந்தா, எக்ஸாமோ வேலையோ கல்யாணமோ, மூணு கிழமைக்கு முன்னாடியே சொல்லுங்க, சொல்லாம காணாம போன ஆளுங்களால நிரம்பின வாழ்க்கை அவனோடது. கடைசி நாள் புதுசா எதையும் தோண்ட வேணாம், கெரம் போர்ட் இருந்தா ஒரு கேம் போடுங்க, உங்களுக்கு பதிலா வரப்போற ஆளையும் கூட்டிட்டு போய் அதே மேசைல உக்கார வச்சு அறிமுகப்படுத்துங்க, அவங்க எந்த கிழமை எத்தன மணிக்கு வருவாங்கன்னு அவன் முன்னாடியே எழுதி குடுங்க.